ஃப்ரிஸ்கோவுக்கு வடக்கே புது வீடு: விலையைத் தவிர எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும்?

எடிசன்வாசி:

வணக்கம். என் கணவருக்கு நியூ ஜெர்சியிலிருந்து டெக்சஸுக்கு வேலை மாற்றலாகிறது; அலுவலகம் ப்ளேனோவில், டாலஸ் நார்த் டோல்வே என்ற சுங்கச் சாலையை ஒட்டி இருக்கிறது. நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். கோவையிலிருந்து என் மாமியார் ஆண்டுதோறும் வந்து சில மாதங்கள் எங்களோடு தங்குவார். ஃப்ரிஸ்கோவில் ஒரு பழைய வீடு வாங்கும் தொகைக்கு, இன்னும் வடக்கே செலினாவிலோ கிழக்கே ப்ரின்ஸ்டனிலோ அதைவிடப் பெரிய புது வீடே கிடைக்கும் என்று முகவர் சொல்கிறார். மாதிரி வீடுகளைப் பார்த்ததும் எங்களுக்கும் ஆசை வந்துவிட்டது. சுற்றிலும் பாதி வீடுகள் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு புறநகரில் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும், விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள் எவை என்பதை அங்கே வாழ்பவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

டோல்வேக்காரர்:

சகோதரி, நியூ ஜெர்சியிலிருந்து வருகிற உங்களுக்குச் சொத்து வரி புதிதல்ல. ஆனால் இங்கே அது வந்து சேரும் விதம் வேறு. டெக்சஸில் மாநில வருமான வரி இல்லாததால், பள்ளி மாவட்டம், மாநகராட்சி, கவுன்ட்டி, கல்லூரி என ஒவ்வோர் அமைப்பும் உங்கள் வீட்டின் மதிப்பின் மேல்தான் தன் பங்கை வைக்கிறது. வளரும் ஊர்களில் இவற்றோடு இன்னொன்றும் சேரும். மாநகர எல்லைக்கு வெளியே உள்ள பல புதுக் குடியிருப்புகளில் குடிநீர்க் குழாய், கழிவுநீர், வடிகால் ஆகியவற்றுக்கான கடன் பத்திரங்களை ‘மட்’ எனப்படும் தனி மாவட்டம் வெளியிட்டு, அந்தக் கடனை வீட்டுக்காரர்களிடமிருந்து வரியாக வசூலித்து அடைக்கிறது. எல்லைக்கு உள்ளே இருந்தால் ‘பிட்’ என்ற பெயரில் அதே வேலை நடக்கும். இதனால் ஒரே விலையுள்ள இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு 1.8 சதவீதமும் மற்றொன்றுக்கு 2.5 சதவீதமும் விழலாம். ஐந்து லட்சம் டாலர் வீட்டுக்கு அந்த வேறுபாடு ஆண்டுக்கு 3,500 டாலர்.

புது வீடு வாங்குபவர்களைத் திகைக்க வைப்பது இரண்டாம் ஆண்டுதான். ஜனவரி 1 அன்று இருந்த நிலையை வைத்தே அந்த ஆண்டின் மதிப்பு போடப்படுகிறது. அன்று உங்கள் மனை வெறும் மண்ணாக இருந்திருந்தால், ஜூனில் நீங்கள் குடிபுகுந்தாலும் முதல் ஆண்டு வரி மனைக்கு மட்டுமே வரும். வங்கியும் பெரும்பாலும் அந்தச் சிறு தொகையை வைத்தே எஸ்க்ரோவுக்கு, அதாவது வரிக்கும் காப்பீட்டுக்கும் என மாதத் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் கணக்குக்கு, பிடித்திருக்கும். அடுத்த ஆண்டு முழு வீட்டுக்கும் வரி வந்ததும், எஸ்க்ரோ பற்றாக்குறை என்று ஒரு கடிதம் வந்து மாதத் தவணை பல நூறு டாலர் ஏறிவிடும். முகவர் மாதச் செலவுக்குக் கணக்குக் காட்டினால், அதில் எந்த ஆண்டின் வரி இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.

குடியேறியதும், சொந்தக்காரரே குடியிருக்கும் வீட்டுக்குத் தரப்படும் ஹோம்ஸ்டெட் வரி விலக்குக்கு விண்ணப்பியுங்கள். பள்ளி வரிக்கான இந்த விலக்கு 2023இல் 1,00,000 டாலராகவும், 2025இல் 1,40,000 டாலராகவும் உயர்த்தப்பட்டது; மேலும், வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாமலும் அது காக்கும். ஏப்ரல் வாக்கில் மதிப்பீட்டு அறிவிப்பு வரும்போது, பொதுவாக மே 15க்குள் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். இங்கே அது சண்டையாகக் கருதப்படுவதில்லை. எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லோரும் கொடுக்கிறார்கள்.

கரிசல்காட்டான்:

வரியைப் பற்றி ஐயா சொல்லிவிட்டார். நான் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். டாலஸிலிருந்து சான் அன்டோனியோ வரை நீளும் பிளாக்லேண்ட் ப்ரெய்ரி, கோவில்பட்டிப் பக்கம் நாங்கள் பார்த்து வளர்ந்த அதே வகைக் கரிசல் மண். ஒரு காலத்தில் இங்கேயும் பருத்திதான் விளைந்தது. மழையில் உப்பி, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் அந்த மண்ணின் மேல்தான் உங்கள் வீட்டின் கான்கிரீட் தளம் உட்காரப் போகிறது. ஆகஸ்டில் சுவரோரம் குனிந்து பார்த்தால், தளத்துக்கும் மண்ணுக்கும் இடையே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். கதவு நிலையின் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலும், திடீரென்று மூட மறுக்கும் கதவும் தளம் அசைவதன் அறிகுறிகளாக இருக்கலாம். அதனால்தான் இங்கே கோடையில் செடிக்கு மட்டுமல்லாமல், அடித்தளத்தைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டு வீட்டுக்கும் தண்ணீர் விடுகிறோம். ஊரிலிருந்து வந்த என் தந்தையாருக்கு இதை நம்ப வைக்க மிகவும் பாடுபட்டேன்.

புது வீடானால், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பும் கட்டுநரின் ஓராண்டு உத்தரவாதம் முடிவதற்கு முன்பும் உங்கள் செலவில் தனி ஆய்வாளரை வைத்துப் பாருங்கள். காப்பீட்டில் ஆலங்கட்டி மழைக்கான விலக்குத் தொகையையும் படியுங்கள். அது பெரும்பாலும் நிலையான தொகையாக இராமல், காப்பீட்டு மதிப்பில் 1 அல்லது 2 சதவீதமாக இருக்கும். ஐந்து லட்சத்துக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால், கூரை மாற்றும்போது முதல் 10,000 டாலர் உங்களுடையது.

வடக்குத்தெரு அம்மா:

அன்புத் தங்கைக்கு, உங்கள் மகள் ஐந்தாம் வகுப்பு என்பதால் பள்ளியைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன். இந்தப் பகுதியில் வளர்ச்சி ஓரிடத்தில் நிற்பதில்லை. அது டோல்வேயோடு வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1970இல் பதினெட்டாயிரம் பேர்கூட இல்லாத ப்ளேனோ பத்தே ஆண்டுகளில் எழுபதாயிரத்தைத் தாண்டியது. 2000இல் 33,714 பேர் இருந்த ஃப்ரிஸ்கோவில் 2020இல் 2,00,509 பேர் இருந்தார்கள். இப்போது செலினாவின் முறை. ப்ளேனோ பள்ளி மாவட்டமோ மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் நான்கு பள்ளிகளை மூட 2024இல் முடிவெடுத்தது. ஆகவே வடக்கே போனால் வகுப்பறை போதாமல் தற்காலிகக் கூடங்களும் புதுப் பள்ளி திறக்கும்போதெல்லாம் எல்லை மாற்றமும், தெற்கே வந்தால் பள்ளி மூடல் பற்றிய பேச்சும் இருக்கும். ‘இந்த வீட்டுக்கு இந்தப் பள்ளி’ என்று விளம்பரத்தில் இருப்பதை நிரந்தரம் என்று எண்ண வேண்டாம்.

உயர்நிலைப் பள்ளி என்றதும் இங்குள்ள பெற்றோர் பேசுவது தரவரிசை பற்றித்தான். வகுப்பில் முதல் பத்து சதவீதத்துக்குள் வருபவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் தரும் சட்டம் 1997 முதல் இருக்கிறது. ஆனால் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் 2026 சேர்க்கையிலிருந்து முதல் ஐந்து சதவீதத்தினருக்கு மட்டுமே அப்படி இடம் தருகிறது. பள்ளி எவ்வளவு பெயர் பெற்றதோ, அந்த ஐந்துக்குள் நுழைவது அவ்வளவு கடினம். என் மகனைச் சுமாரான பெயருடைய பள்ளியில் சேர்த்ததற்கு நான் வருந்தியதே இல்லை.

உங்கள் மாமியாரின் நிலைதான் எனக்குக் கவலை தருகிறது. குடியிருப்புக்குள் நடைபாதை அழகாக இருக்கும். வெளி வாசலைத் தாண்டினால் ஆறு வழிச் சாலை, அதைக் கடந்து போய் வாங்க ஒரு கடையும் இராது. ஃப்ரிஸ்கோவும் அதற்கு வடக்கே உள்ள ஊர்களும் டாலஸ் பகுதியின் பேருந்து, ரயில்களை நடத்தும் டார்ட் அமைப்பில் உறுப்பினர் அல்ல. விற்பனை வரியில் உள்ளூருக்குரிய இரண்டு சதவீதத்தில் ஒன்றை டார்ட்டுக்குக் கொடுத்தால்தான் அதில் சேர முடியும். ஃப்ரிஸ்கோ அந்தப் பணத்தை நிறுவனங்களையும் விளையாட்டு அரங்கங்களையும் ஈர்க்கும் வளர்ச்சிக் கழகங்களுக்கு ஒதுக்கியது. கார் ஓட்டாத முதியவர் வார இறுதி வரை காத்திருந்து, ஃப்ரிஸ்கோ அனுமன் கோவிலுக்கு யாராவது அழைத்துப் போனால்தான் வெளியுலகைப் பார்ப்பார். மாலையில் பூங்காவில் கூடும் பெரியவர்களில் தெலுங்கு பேசுவோரே மிகுதி. கோவைக்காரருக்கு அது ஒரு தடையாக இராது என்று நம்புகிறேன்.

எடிசன்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. மாமியாரின் பகல் பொழுதைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. ப்ரின்ஸ்டனைப் பற்றி யாரும் குறிப்பிடவில்லையே? முதல் ஆண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது சரியாக இருக்குமா?

டோல்வேக்காரர்:

ப்ரின்ஸ்டனில் 2020இல் சுமார் 17,000 பேர் இருந்தார்கள். 2024 நடுவில் அது 37,000 ஆகிவிட்டது. குடிநீர், கழிவுநீர், சாலை, காவல் ஆகிய எதுவும் ஈடுகொடுக்க முடியாமல், புதுக் குடியிருப்புகளுக்கான அனுமதியை 2024 செப்டம்பரில் மாநகர மன்றமே நிறுத்தி வைத்தது. ஊருக்கு முதன்மைச் சாலை 380 ஒன்றுதான். வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும், வேலை நாளில் காலை ஏழரை மணிக்கு அங்கிருந்து ப்ளேனோ அலுவலகம் வரை உங்கள் கணவர் ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும்.

வாடகை நல்ல யோசனை. ஃப்ரிஸ்கோவின் தெற்குப் பகுதியிலோ ப்ளேனோவின் மேற்கிலோ பாருங்கள். அலுவலகம் அருகில், கடைகளும் பக்கம். ஒப்பந்தம் ஜூன் அல்லது ஜூலையில் முடியுமாறு எழுதச் சொல்லுங்கள். இங்கே பள்ளி ஆகஸ்டு நடுவில் திறந்துவிடும். தேதி தவறினால் மகள் ஆண்டின் நடுவே பள்ளி மாற வேண்டியிருக்கும்.