மூன்றரை வயது மகனுக்குப் படச் செயலி கொடுக்கலாமா?

கேள்வி:
எங்கள் மகனுக்கு ஆட்டிசம் இருப்பதைச் சென்ற மாதம் உறுதி செய்தார்கள். அவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும் செயலியைப் பயன்படுத்துமாறு பேச்சுப் பயிற்சியாளர் கூறுகிறார். அதற்குப் பழகிவிட்டால் வாய் திறந்து பேச முயலவே மாட்டானோ என்று என் மாமியார் அஞ்சுகிறார். எனக்கும் அந்த அச்சம் உண்டு.

பதில் 1:
சகோதரி, நாங்களும் இப்படித்தான் ஓராண்டை வீணாக்கினோம். அமெரிக்காவில் கானி கசாரி குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் குறைவாகவே பேசிய, 5 முதல் 8 வயது வரையிலான 61 குழந்தைகளுக்கு விளையாட்டுவழிப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களுள் பேசும் கருவியையும் தொடக்கத்திலேயே பெற்றவர்களே தாமாக முன்வந்து கருத்தை வெளிப்படுத்துவதில் கூடுதலாக முன்னேறினார்கள். சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் கிடைக்கிறது. என் மகள் முதலில் தொட்ட படம் ஊஞ்சல். அவள் தொட்ட ஒவ்வொரு முறையும் நாங்களும் 'ஊஞ்சல்' என்று சொல்லிக்கொண்டே ஆட்டிவிட்டோம்; சில மாதங்களில் 'ஊஞ்ச' என்று அவளே சொன்னாள்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பேசுவதற்கான கருவியில் விளையாட்டுகளையும் காணொளிகளையும் ஏற்றாதீர்கள். 2 முதல் 4 வயதுக் குழந்தைகள் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. விளையாட்டுச் செயலியைத் தனியே கொடுக்காமல், 'இப்போது உன் முறை, அடுத்து என் முறை' என்று உடன் அமர்ந்து ஆடுங்கள். திரையில் குமிழி உடைத்தவன் முற்றத்தில் சோப்புக் குமிழியையும் உடைக்கட்டும். கேட்கும் திறனைப் பரிசோதித்துவிட்டீர்களா?

கேள்வி கேட்டவர்:
பரிசோதித்துவிட்டோம், குறையில்லை. நாளை மாமியாரையும் பயிற்சிக்கு அழைத்துச் செல்கிறேன்.