குடும்பத்தோட ஏரியில் ஃப்ளோட் டியூப் மீன்பிடி: 8 வயசுப் பையனையும் இறக்கலாமா?

கரையோரம் (கேள்வி)

வணக்கம். நான், கணவர், 13 வயசுப் பொண்ணு (44 கிலோ), 8 வயசுப் பையன் (24 கிலோ), ஆக நாலு பேர். எங்க ரெண்டு பேருக்கும் யு வடிவ ஃப்ளோட் டியூப் (காத்தடைச்ச மிதவை இருக்கை, உட்கார்ந்து காலால உதைச்சுப் பின்னோக்கிப் போறது) ஆளுக்கொண்ணு இருக்கு. பொண்ணுக்கு மூணாவதா ஒண்ணு வாங்கிட்டு, பையனை நாங்க மடியில உட்கார வச்சுக்கலாமான்னு யோசிக்கிறோம். எல்லாருக்கும் நீச்சல் தெரியும். ஏரி ஒரு கிலோமீட்டர் நீளம் இருக்கும், ஓரமெல்லாம் கொடிப்பாசி, மோட்டார் படகு கிடையாது. ஒரு டியூப்ல இடது பக்கம் மட்டும் ரெண்டு மணி நேரத்துல காத்து இறங்குது. எதைக் கவனிக்கணும்?

நீர்க்காகம்

மடியில் வைப்பது கூடவே கூடாது. ஃப்ளோட் டியூப் ஒற்றை ஆளுக்கான சாதனம். 150 கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பது ஒருவர் நடுவில் உட்கார்ந்தால் தாங்கும் எடை. மடியில் 24 கிலோ ஏறினால் பாரம் முன்பக்கம் போகிறது. அந்தப் பக்கம் யு திறந்தே கிடக்கிறது, தாங்கக் காற்றறை எதுவும் இல்லை. பையன் ஒரு தரம் குனிந்தால் போதும், இரண்டு பேரும் முன்னால் சரிவீர்கள்.

அவனுக்குத் தனி டியூபும் வேண்டாம். 24 கிலோவுக்குப் பெரியவர்கள் டியூப் தண்ணீரில் அமிழவே அமிழாது. கணுக்கால் மட்டும்தான் நனையும், ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) தண்ணீரைத் தள்ளாமல் நுரையைக் கிளப்பும். லேசான காற்றே அவனை இழுத்துப் போய்விடும்.

மூணாவது டியூப் வாங்காதீர்கள் என்பேன். பெரியவர்களில் ஒருவர் எப்போதும் கரையில் பையனோடு. மற்றவர் பொண்ணோடு தண்ணீரில். முக்கால் மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் பொண்ணின் பாதத்துக்குச் சரியான ஃபின்ஸும், முதுகுப் பக்கம் மெலிசாக இருக்கும் லைஃப் ஜாக்கெட்டும் வாங்குங்கள். முதுகில் தடித்த நுரை வைத்த ஜாக்கெட் சாய்மானத்தில் முட்டி ஆளை முன்னால் தள்ளும், அரை மணியில் கழற்றி எறியத் தோன்றும். பட்டைகளை இறுக்கியபின் தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அளவு பெரிது. பையனுக்குக் கரையிலும் ஜாக்கெட் உண்டு, கால் இடுக்குப் பட்டையோடு.

அடுத்தது காற்று. குடும்பப் பயணங்கள் கெடுவது பெரும்பாலும் இதில்தான். ஃபின்ஸ் போட்டு உதைத்தால் மணிக்கு 2 கிலோமீட்டர் போவதே அதிகம். இலை சலசலப்பதோடு நின்றால் (மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர்) இறங்கலாம். சிறு கிளைகள் ஓயாமல் ஆடி, அலை நுனியில் அங்கங்கே வெள்ளை தெரிந்தால் பொண்ணைக் கூட்டிக்கொண்டு கரை ஏறுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஏரியை நோக்கி வீசும் காற்றுதான் ஏமாற்றும். கரையோர மரங்கள் மறைப்பதால் இறங்குகிற இடத்தில் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். 100 மீட்டர் உள்ளே போனதும் பிடித்துத் தள்ளும், திரும்ப எதிர்த்து உதைக்க வேண்டியிருக்கும். அதனால் காற்று கரையை நோக்கி வரும் பக்கத்தில் இறங்குங்கள். போகும்போது கால் களைக்காமல் இருக்கும், எதிர்த்துப் போகலாம். திரும்பும்போது காற்றே கொண்டுவந்து விடும். இடி கேட்டால் உடனே வெளியே, கையில் இருப்பது கார்பன் ராட் (தூண்டில் கோல்), மின்சாரத்தைக் கடத்தும்.

தக்கைமணி

நீர்க்காகம் சொன்னதோடு காற்றடிப்பதையும் சேர்த்துக்கறேன். டயர் கம்ப்ரஸர் வேண்டாம், கைப் பம்பு போதும். முதல்ல பாதி அடிச்சு, உள்பை உறைக்குள்ள முறுக்கிக்காம படிஞ்சிருக்கா, வால்வு நேரா நிக்குதான்னு தடவிப் பார்த்து ஜிப்பை மூடுங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி, வால்வுப் பக்கத்துல அச்சடிச்ச அளவு வரைக்கும்.

கரையில கல்லு மாதிரி இருந்த டியூப் தண்ணியில தொளதொளன்னு ஆனா உடனே ஓட்டைன்னு பயப்படாதீங்க. வெயில்ல 35 டிகிரியில 2.5 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) அடிச்ச காத்து, 15 டிகிரி தண்ணியில குளிர்ந்ததும் 1.4 பக்கம் வந்துடும். பத்து நிமிஷம் ஓரத்துல மிதக்க விட்டு, திரும்ப அடிச்சுட்டுக் கிளம்புங்க. மதியம் கரையில வைக்கும்போது இதுவே தலைகீழ். கொஞ்சம் காத்தை விட்டுட்டு நிழல்ல போடணும், இல்லேன்னா தையல் பிரியும்.

இறங்குறதும் ஏறுறதும் பின்பக்கமாத்தான். ஃபின்ஸோட முன்னால நடந்தா முகம் குப்புற விழறது நிச்சயம். மணலோ சரளையோ இருக்கிற இடமாப் பார்த்து, டியூபை இடுப்புக்குப் பின்னால பிடிச்சுக்கிட்டுப் பின்னோக்கி நடந்து, முட்டிக்கு மேல தண்ணி வந்ததும் உட்காருங்க. வெளிய வரும்போது குதிகால் தரையில தட்டுற வரைக்கும் உதைச்சு வந்து, முன்பட்டையைக் கழற்றி, எழுந்து பின்னோக்கியே நடக்கணும். சேத்துல ஃபின்ஸ் மாட்டினா எழுந்து நிக்க முயற்சி பண்ணாதீங்க. சாய்ஞ்சு உட்கார்ந்து கணுக்காலை மெதுவா அசைச்சா விட்டுடும்.

பொண்ணோட டியூபை உங்க டியூபோட 3 மீட்டர் கயித்துல கட்டிக்கிட்டா நிம்மதி.

கரையோரம்

ரொம்ப நன்றி. அப்போ மடி யோசனையை விட்டுட்டோம், மூணாவது டியூபும் வேண்டாம். மீன் பிடிக்கிற பக்கமும் கொஞ்சம் சொல்லுங்க. ராட் எட்டடி நீளம், ஆகுமா?

நீர்க்காகம்

தக்கைமணி, கயிற்று விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை. கொடிப்பாசி உள்ள ஏரியில் கட்டியே வைத்தால் கயிறு பாசியில் மாட்டும், தூண்டில் நரம்பு கயிற்றில் மாட்டும், இரண்டு பேர் காலும் அதில் மாட்டும். 5 மீட்டர் கயிறு, இரு முனையிலும் கொக்கி, டியூப் பையில் இருக்கட்டும். பொண்ணு களைத்தால் இரண்டு டியூபின் வளையத்திலும் கொக்கியை மாட்டி இழுங்கள். உடம்பில் மட்டும் எங்கேயும் கட்டாதீர்கள். ஆளுக்கொரு விசில் கழுத்தில்.

தக்கைமணி

சரி, பாசி ஏரிக்கு அதுதான் பொருத்தம்.

எட்டடி ராட் ஆகாதுன்னு இல்லை. ஆனா உட்கார்ந்த உயரத்துல மீனைக் கிட்ட கொண்டுவந்து கைவலையில ஏத்தறது கஷ்டம். ஆறு, ஆறரை அடி சௌகரியம். 2500 அளவு ஸ்பின்னிங் ரீல், 0.22 மில்லிமீட்டர் தங்கூசி நரம்பு, 5 முதல் 10 கிராம் செயற்கை இரை. பொண்ணுக்கு வீசக் கத்துக்கொடுக்கிறதுக்கு முன்னாடி இழுவையில ஆரம்பிங்க, அதுதான் சுலபம். நாம பின்னோக்கிப் போறதால நரம்பு கண்ணு முன்னாலேயே நீளுது. 15, 20 மீட்டர் விட்டு, பாசி முடிஞ்சு ஆழம் இறங்குற விளிம்பை ஒட்டி மெதுவா உதைக்கணும். நாலஞ்சு உதைக்கு ஒரு தரம் நிறுத்தினா இரை கீழ இறங்கும், பல நேரம் அந்த இறக்கத்துலதான் கடிக்கும். ராட் நுனியில ரெண்டு தட்டு தெரியும், மூணாவதா வளையும்போது தூக்குங்க. ரெண்டு டியூபுக்கு நடுவுல 15 மீட்டராவது விடுங்க, வீசறவங்க இருந்தா கண்டிப்பா.

தூண்டில் முள்ளுல பின்னோக்கி நிக்கிற செதிலைக் குறடால நசுக்கிடுங்க. டியூபுக்கும் நல்லது, பொண்ணோட விரலுக்கும் நல்லது. கெளுத்தி மாதிரி முள்ளு நீட்டுற மீனை டியூப் மேல போடாதீங்க, வலையோட தண்ணியிலேயே வச்சு தூண்டில் முள்ளை எடுங்க.

பையனுக்குக் கரையில தக்கை, மண்புழு, சின்ன ஈயக்குண்டு. பெரும்பாலும் அவனுக்குத்தான் முதல் மீன் கிடைக்கும், பாசி ஓரத்துலதானே சின்ன மீனெல்லாம் இருக்கு.

பழுதுப்பெட்டி

இடது பக்கக் காற்று இறக்கம் பற்றி யாரும் சொல்லவில்லை. முதலில் வால்வைத் திறந்து மணல் துகள் இருக்கிறதா பாருங்கள், பல நேரம் அவ்வளவுதான். அதில் இல்லையென்றால் உள்பையை வெளியே எடுத்து, வடிவம் வரும் அளவுக்கு மட்டும் ஊதுங்கள். அழுத்தத்தைத் தாங்குவது உறைதான், உறையில்லாமல் முழுக்க அடித்தால் பை உப்பி வெடிக்கும். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும் இடம் ஓட்டை. பேனாவால் வட்டம் போட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, ஓட்டையைச் சுற்றி 2.5 சென்டிமீட்டர் வருமாறு ஒட்டுத்துண்டு வையுங்கள். பாலியூரித்தேன் பைக்கு யூரித்தேன் பசை, வினைல் பைக்கு வினைல் பசை. சைக்கிள் ட்யூப் ஒட்டும் சொல்யூஷன் இரண்டிலும் நிற்காது. 24 மணி நேரம் காயட்டும்.

பையைத் திரும்ப நுழைப்பதற்கு முன் உறையை உள்புறம் திருப்பி, ஓட்டைக்கு நேரான இடத்தை விரலால் மெல்லத் தடவுங்கள். குத்திய முள் நுனி அங்கேயே நின்றால் அடுத்த தடவையும் அதே இடம்தான். மூட்டு ஓரத்திலிருந்து குமிழி வந்தால் ஒட்டி மெனக்கெடாமல் உள்பையை மாற்றிவிடுங்கள்.