பிளோசிபிளும் கிரெடிபிளும்: ரெண்டும் நம்பத்தகுந்தது எண்டால் என்ன வித்தியாசம்?

ஒட்டுசுட்டான் (கேள்வி):
வணக்கம். எங்கட ஐயாவின்ர காணிக்குள்ள ஆனை பூந்து 14 தென்னம்பிள்ளையைப் பிடுங்கிப் போட்டுது. நட்டஈடு கேட்டு எழுதினதுக்கு இங்கிலிஷில ஒரு கடிதம் வந்திருக்கு. நீங்கள் சொன்னது ‘பிளோசிபிள்’, ஆனால் ‘கிரெடிபிள்’ ஆதாரம் இணைக்கப்படேல்லை எண்டு கிடக்கு. அகராதியைப் புரட்டினால் ரெண்டுக்கும் ‘நம்பத்தகுந்த’தான். ஐயாவுக்கு என்னெண்டு வாசிச்சுக் காட்டுறது? நம்பத்தகுந்தது, ஆனா நம்பத்தகுந்தது இல்லை எண்டோ? தன்னைப் பொய்யன் எண்டுட்டாங்கள் எண்டு மனுசன் கொதிச்சுப்போய் இருக்கிறார்.

மாங்குளம்:
ரெண்டும் ஒண்டுதான் தம்பி. கந்தோர்க் கடிதமெண்டால் சொல்லை அடுக்கத்தான் செய்வினம்.

வவுனியா (இளைப்பாறின ரீச்சர்):
ஒண்டில்லை. ‘பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்’ எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறதல்லோ, அந்தப் ‘பொருந்த’தான் பிளோசிபிள். கதை ஒண்டோடொண்டு ஒட்டுது, அப்பிடி நடந்திருக்கலாம். நடந்ததோ இல்லையோ எண்டது வேற கதை. உங்கட பக்கம் ஆனை வாறது ஆருக்கும் புதினமில்லை, அதால ஐயா சொன்னது பொருந்துது.

கிரெடிபிள் எண்டேக்க சொல்லுற வாயையும் காட்டுற கடதாசியையும் பார்க்கினம்: இதை நம்பி ஒரு முடிவெடுக்கலாமோ? லத்தீனில ‘கிரெடேரே’ எண்டால் நம்புறது. கிரெடிட்டும் அந்த வேர்தான். கடைக்காரர் கொப்பியில எழுதிப்போட்டு அரிசி தாறது ஆளை நம்பித்தானே! பிளோசிபிள் வந்த வழி வேற. ‘பிளாவ்டேரே’ எண்டால் கைதட்டுறது, அப்பிளோஸ் எண்ட சொல்லும் அதில வந்ததுதான். முந்தி கைதட்டத்தக்கது எண்ட கருத்து. போகப்போக, கேக்க ஞாயமாக் கிடக்கிறது எண்டு ஆகிட்டுது. ஒரு ஆளைப் பிளோசிபிள் எண்டால் சிலவேளை வாய்ச்சாலக்காரன் எண்ட குத்தலும் இருக்கும். உங்கட கடிதத்தில அது இல்லை, ஐயாவைக் கோவிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ.

(கனகாலமா நானும் ‘பிளாசிபிள்’ எண்டுதான் படிப்பிச்சனான். ‘பிளோ’ எண்டு நீட்டுறதுதான் சரி. என்னட்டப் படிச்ச பிள்ளையள் மன்னிக்கவேணும்.)

புதுக்குடியிருப்பு:
ரீச்சர், அப்ப எங்கட கடைசி யுத்தத்தைப் பற்றி 2011இல வந்த ஐநா நிபுணர் குழு அறிக்கையில இருந்த ‘கிரெடிபிள் அலிகேஷன்ஸ்’ (குற்றச்சாட்டுகள்)? எங்கட சனத்தில கனபேர் அதை, எல்லாம் நிரூபிச்சாச்சு எண்டமாதிரித்தான் விளங்கிக்கொண்டது.

வவுனியா:
நல்ல இடத்தில பிடிச்சீங்கள். அந்த வசனத்திலேயே ‘நிரூபிக்கப்பட்டால்’ எண்டும் கிடக்கு. பிளோசிபிளுக்கு மேல, நிரூபணத்துக்குக் கீழ. தீர்ப்பு இல்லை, ஆனால் விசாரிக்காமல் தட்டிவிடவும் ஏலாது. தமிழில ‘நம்பத்தகுந்த’ எண்டு எழுதேக்க அந்த இடைநிலை துலங்கிறேல்லை. அதுதான் சிக்கல்.

கிளிநொச்சி:
நான் ஒருக்கா கட்டுரையில, என்னால நம்பேலாமல் கிடந்தது எண்டு சொல்ல நினைச்சு ‘ஐ வோஸ் இன்கிரெடிபிள்’ எண்டு எழுதிப்போட்டன். வகுப்பே சிரிச்சது.

வவுனியா:
நீ பிரமாதமான பிள்ளை எண்டு நீயே எழுதியிருக்கிறாய்! நம்பேலாத விசயம் இன்கிரெடிபிள், நம்பாத ஆள் இன்கிரெடுலஸ். எதைச் சொன்னாலும் நம்புற ஆள் கிரெடுலஸ்.

ஒட்டுசுட்டான்:
நன்றி ரீச்சர். ‘நீங்கள் சொன்னது பொருந்துது, ஆனால் நம்பி எடுக்கக்கூடிய அத்தாட்சி வைக்கேல்லை’ எண்டு வாசிச்சன். “அப்ப ஆனையிட்டக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரவோ?” எண்டு கேக்கிறார்.

மல்லாவி:
தம்பி, ஜீ.எஸ்ஸை (கிராம சேவகரை) கூட்டிக்கொண்டுபோய்க் காட்டி ஒரு கடிதம் எடுங்கோ. ஆனை அடிக்குப் பக்கத்தில ஒரு செருப்பை வைச்சுப் படமெடுங்கோ, அளவு தெரியும். பிடுங்கின பிள்ளையளை இன்னும் அள்ளிக் கொட்டாதேங்கோ.

ஒட்டுசுட்டான்:
அடி எல்லாம் முந்தநாள் மழையோட கரைஞ்சுபோச்சு அண்ணை. வேலிக்கரையில ஆனை லத்தி கிடக்கு. செருப்போட போறன்.