எக்ஸ்எஸ்எல்டி எழுதிய எக்ஸ்ஹெச்டிஎம்எல் உங்களை எங்கே மடக்கியது?

முதல் பகிர்வு
எக்ஸ்எம்எல் நூல் பட்டியல் ஒன்றை, எக்ஸ்எம்எல்லை வேறு வடிவுக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி 1.0 மூலம் எக்ஸ்ஹெச்டிஎம்எல் (எக்ஸ்எம்எல் விதிப்படி எழுதும் ஹெச்டிஎம்எல்) வலைப்பக்கங்களாக்கும் வேலை. சரிபார்ப்பியில் ஒரு பிழையும் இல்லை. உலாவியிலோ பக்கம் வெள்ளை வெளேரென்று கிடந்தது! குற்றவாளி ஸ்கிரிப்ட் டேக். அதனுள் எழுத்து எதுவும் இல்லாததால், எக்ஸ்எஸ்எல்டி செயலி சாய்கோடு போட்டுத் தொடக்க டேக்கிலேயே மூடிவிட்டது. எக்ஸ்எம்எல் விதிப்படி அது சரிதான். ஆனால் சர்வர் அந்தப் பக்கத்தைச் சாதாரண ஹெச்டிஎம்எல் என்று அனுப்பினால், உலாவி சாய்கோட்டை மதிப்பதில்லை. பின்னால் வரும் அனைத்தையும் ஸ்கிரிப்ட் என்றே விழுங்கிவிடும்.

இதற்குக் காலக்கணக்கும் ஒரு காரணம். எக்ஸ்எஸ்எல்டி 1.0 டபிள்யூ3சி-யின் பரிந்துரையானது, அதாவது இணையத் தரமானது, 1999 நவம்பரில், எக்ஸ்ஹெச்டிஎம்எல் 1.0 வந்தது 2000 ஜனவரியில். பிறக்காத குழந்தைக்கு யார் சட்டை தைப்பார்கள்? எக்ஸ்ஹெச்டிஎம்எல்லுக்கென்று தனி வெளியீட்டு முறை 2007-இல், எக்ஸ்எஸ்எல்டி 2.0 பதிப்போடுதான் வந்தது. அதுவரை ஸ்கிரிப்டுக்குள் ஓர் இடைவெளியை டெக்ஸ்ட் கட்டளையால் திணித்தே காலம் தள்ளினோம். இதே சிக்கல் உள்ள டெக்ஸ்ட்ஏரியாவில் (எழுத்து உள்ளிடும் பெட்டி) இடைவெளி கண்ணுக்குத் தெரியும். அங்கே ஒரு வரிமுறிவு போதும், முதல் வரிமுறிவை உலாவி தள்ளிவிடும்.

இரண்டாம் பகிர்வு
லிப்எக்ஸ்எஸ்எல்டி என்ற எக்ஸ்எஸ்எல்டி செயலி வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆவண வகையைச் சொல்லும் டாக்டைப் வரியில் எக்ஸ்ஹெச்டிஎம்எல் அடையாளம் இருந்தால், அது ஸ்கிரிப்டைத் தனி மூடும் டேக்கோடு எழுதும். என்னைப் படுத்தியது பெயர்வெளி, அதாவது ஒரு டேக் எந்த மொழியைச் சேர்ந்தது என்று காட்டும் அடையாளம். முதன்மை எக்ஸ்எஸ்எல்டி கோப்பில் எக்ஸ்ஹெச்டிஎம்எல் பெயர்வெளியை அறிவித்திருந்தோம். இறக்குமதி செய்த துணைக் கோப்பில் அந்த அறிவிப்பு இல்லை. விளைவு, அங்கிருந்து வந்த ஒவ்வொரு பத்தியிலும் வெற்றுப் பெயர்வெளி அறிவிப்பு ஒட்டிக்கொண்டது. அறிவிப்பு அந்தந்தக் கோப்போடு நின்றுவிடும். இறக்குமதி அதைக் கடத்தாது. காப்பி-ஆஃப் கட்டளையால் மூல எக்ஸ்எம்எல்லை அப்படியே நகலெடுத்தாலும் இதே கதைதான்.

மூன்றாம் பகிர்வு
டேக்குகள் ஒழுங்காக மூடப்படும் என்பதைத்தான் எக்ஸ்எஸ்எல்டி பார்த்துக்கொள்ளும். எதற்குள் எது வரலாம் என்பது அதன் கவலையே அல்ல. எங்கள் மூல ஆவணத்தில் பத்திக்குள் பட்டியல் வரலாம். எக்ஸ்ஹெச்டிஎம்எல்லில் பி டேக்குக்குள் யூஎல் வரக்கூடாது. எக்ஸ்எஸ்எல்டி 2.0-இல் அடுத்தடுத்த கணுக்களை (ஆவணத்தின் உறுப்புகளை) குழுவாக்கிப் பத்தியை உடைக்கலாம். 1.0-இல் அதை எழுதினால் ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே புரியாது. பட்டியல் உள்ள பத்தியை மட்டும் பொது டேக்கான டிவ் ஆக்கி, கிளாஸ் கொடுத்து, தோற்றத்தைச் சிஎஸ்எஸ் வசம் விட்டேன். சரிபார்ப்பி அதன் பிறகு வாய் திறக்கவில்லை.