பழைய ஜன்னல் பெயின்ட்டைத் தேய்க்கலாமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது

வைகைக்கரை: எங்கள் வீடு தாத்தா 1980களில் கட்டியது. ஜன்னல் கம்பியில் பச்சை எனாமல், அதற்குக் கீழே மஞ்சள். பொங்கலுக்கு முன்னால் பெயின்ட் அடிக்க ஆள் பேசியாச்சு, உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்தால்தான் புதுசு பிடிக்கும் என்கிறார். ஒன்றரை வயது மகள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள், போன வாரம் அவள் உதட்டில் பச்சைச் செதில் ஒட்டியிருந்தது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்கிறார்களே, நிஜமா?

சுண்ணாம்புச்சுவர்: நிஜம்தான். பளிச்சென்ற மஞ்சளும் பச்சையும் வருவதற்கு ஈயம் கலந்த நிறமிகளைத்தான் போட்டார்கள். வீட்டு பெயின்ட்டில் 90 பிபிஎம்முக்கு மேல், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல், ஈயம் கூடாது என்று இங்கே விதி வந்தது 2016ல், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அமெரிக்கா 1978லேயே தடுத்துவிட்டது. நடுவில் அடித்ததெல்லாம் நம் சுவர்களில் இன்னும் இருக்கிறது, அதைப் பற்றி அந்த விதி ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு அதுதான் ஆத்திரம். தயவுசெய்து காய்ந்த கம்பியைத் தேய்க்க விடாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரத்தோடு தேய்க்கச் சொல்லுங்கள், கீழே பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள், வேலை முடிந்து தரையை ஈரத்துணியால் துடைக்கும்வரை பாப்பா வேறு வீட்டில் இருக்கட்டும். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மறுபடி எழும்பும்.

லேப்_அக்கா: தம்பி, முதலில் பாப்பாவுக்கு ரத்தத்தில் ஈய அளவு பார்த்துவிடுங்கள். உடம்புக்கு ஈயத்துக்கும் கால்சியத்துக்கும் வித்தியாசம் தெரியாது, அதிலும் குழந்தைகள் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு உறிஞ்சுவார்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே இருந்தாலும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. இரும்புச்சத்து குறைவாக இருந்தால் ஈயம் இன்னும் அதிகமாக ஏறும், டாக்டரிடம் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பெயின்டர் மகன்: அப்பா முப்பது வருஷம் இந்த வேலை பார்த்தார். சாயங்காலம் வந்ததும் வாசலில் சட்டையை உதறுவார், நாங்கள் ஓடிப்போய் காலைக் கட்டிக்கொள்வோம். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்கு வருகிற அண்ணனுக்கு நல்ல மாஸ்க் ஒன்று வாங்கிக் கொடுங்கள், சட்டையை மாற்றி, கை கால் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். அவர் வீட்டிலும் குழந்தை இருக்கும்.

வைகைக்கரை: நாளைக்குக் காலையில் ரத்தம் எடுக்கப் போகிறோம். பெயின்டர் அண்ணனிடமும் பேசிவிட்டேன், ஈரத்தில் தேய்க்க ரெண்டு நாள் கூடுதலாக ஆகும் என்றார், சரி என்று சொல்லிவிட்டேன்.