உருஷிப் பேனாவில் மைக்கசிவு: உதவி வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். நமிக்கி நிறுவனத்தின் எம்பரர் என்ற பெரிய பேனாவைப் போலப் பருமனான, ஆனால் தயாரிப்பாளர் பெயர் பொறிக்கப்படாத பழைய ஜப்பானியப் பேனா ஒன்று என்னிடம் உள்ளது. எபோனைட் (கடின ரப்பர்) உடலின்மேல் உருஷி என்னும் அரக்கு மரத்தின் பாலைப் பல பூச்சுகளாக ஏற்றி மெருகிட்டிருப்பதால், இவ்வளவு பெரிதாக இருந்தும் கையில் கனப்பதில்லை. உடலுக்குள்ளேயே சொட்டுக் குழாயால் மை நிரப்பி, அடிப்பக்கக் குமிழைச் சற்றுத் திருகித் திறந்தால்தான் மை தடையின்றி நிப்புக்கு இறங்கும். இப்போதோ ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் குமிழின் ஓரத்தில் மை நீல வளையமாக ஊறி நிற்கிறது. குமிழோடு இணைந்து மையின் வழியைத் திறந்து மூடும் உள்தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு வளையம் தேய்ந்திருக்கலாம். வெந்நீர் எபோனைட்டின் நிறத்தைக் கெடுக்கும் என்பதால், அதில் ஊறவைத்துக் குமிழை இளக்கும் முறையை நான் விரும்பவில்லை. அரக்குப் பூச்சில் கீறல் விழாமல் குமிழைக் கழற்றி வளையத்தை மாற்றிய அனுபவமுள்ளவர்கள் வழிமுறையைத் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.