சித்தப்பாவின் கணக்கில் வந்த தவணை

சித்தி: அனைவருக்கும் வணக்கம். உங்கள் சித்தப்பா காலமாகி நான்கு மாதம் முடிந்துவிட்ட நிலையில், நிலமுள்ள உழவர்களுக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான் (பிரதமரின் உழவர் நிதி) தவணை 2,000 ரூபாய் அவர் கணக்கில் சேர்ந்திருப்பதாக நேற்று அவருடைய கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. பாக்குத் தோப்புக்கு உரம் வாங்க வேண்டும், ஏ.டி.எம். அட்டையும் என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பணத்தை எடுக்கலாமா?

பெரியப்பா: வேண்டாம், அம்மா. தம்பி பெயரில் வந்த பணம் அவனோடு நின்றுவிட வேண்டியது. இறப்பு பதிவேட்டில் ஏறாததால்தான் வந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு நம் மாநிலத்தில் தகுதியில்லாத பலர் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது தெரியவந்து, கொடுத்த பணத்தைத் திரும்ப வசூலித்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கலக்கமாக இருக்கிறது. இறப்புச் சான்றிதழோடு வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய் நாமே தெரிவித்து, அவர்கள் சொல்லும் வழியில் திருப்பிச் செலுத்திவிடுவோம்.

சித்தி: அப்படியே செய்கிறேன். ஆனால் அந்த நிலத்தில் இனி உழைக்கப் போவது நான்தானே, எனக்கு வராதா?

அக்கா: வரும், சித்தி. ஆத்தூரில் என் மாமனார் இறந்தபோது அத்தைக்காக நான் அலைந்திருக்கிறேன். 1.2.2019 அன்று யார் பெயரில் நிலம் இருந்ததோ அவருக்குத்தான் பணம் என்பது பொது விதி. அதற்குப் பிறகு நிலம் வாங்கியவருக்குக் கிடையாது, ஆனால் உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு அந்தத் தடை இல்லை. முதலில் வாரிசுச் சான்றிதழ், அதை வைத்துப் பட்டா மாறுதல், அதன் பிறகு உங்கள் பெயரில் புதிய பதிவு என்ற வரிசையில் போக வேண்டும். நாங்கள் பட்டாவை மாற்றாமல் நேராகப் பதிவுக்குப் போனதால் இரண்டு தவணைகள் வீணாயின.

பெரியப்பா: கூட்டுப் பட்டாவில் என் பெயரோடு தம்பி பெயர் இருக்கிறது, அந்த இடத்தில் உன் பெயர் ஏற வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் நான் உடன் வருகிறேன்.

சித்தி: பெங்களூரில் இருக்கும் மகனும் வாரிசுதானே, அவனுக்கும் தனியாக வருமா?

அக்கா: தம்பி வருமான வரி கட்டுகிறான், ஆகவே அவனுக்குத் தகுதி இல்லை. அவன் பெயரில் விண்ணப்பிக்கவே வேண்டாம்.

நான்: சித்தி, பணம் நீங்கள் எழுதிக் கொடுக்கும் கணக்குக்கு வராது, ஆதாரோடு இணைந்திருக்கும் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஆகவே வங்கியில் அதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இ-கேஒய்சி என்ற ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பைச் செய்யும்போது, மரவள்ளி பிடுங்கித் தேய்ந்த விரலில் ரேகை விழாவிட்டால் கவலை வேண்டாம். 2023ஆம் ஆண்டு முதல் செயலியில் முகத்தைக் காட்டியும் முடிக்கலாம்.

ஏற்காடு அண்ணன்: சித்திக்குக் கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் பத்து ஆண்டுகளாகக் குத்தகை நிலத்தில் மிளகும் காபியும் பார்த்துவரும் எனக்கு ஒரு தவணைகூட வந்ததில்லை. பட்டா வைத்திருப்பவர் சேலத்தில் இருந்தபடியே வாங்குகிறார். பணம் பட்டாவுக்குத்தான் போகிறது, மண்ணில் நிற்பவனுக்குப் போவதில்லை.

பெரியப்பா: நீ சொல்வது நியாயம், தம்பி. இத்திட்டத்தில் குத்தகைதாரருக்கு இடமில்லை என்பது பெரிய குறை. பாடுபடுபவரை விட்டுவிட்டு உழவர் நிதி என்று பெயர் வைத்தது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. உழவர் கடன் அட்டை குத்தகைதாரருக்கும் உண்டு. நிலக்காரரிடம் குத்தகையை எழுத்தில் வாங்கிக்கொண்டு அதற்காவது விண்ணப்பித்துவிடு.

ஏற்காடு அண்ணன்: எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று அவர் அஞ்சுகிறார், பெரியப்பா.

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை நான் மலைக்கு வந்து அவரிடம் பேசுகிறேன்.

சித்தி: இறப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், பழைய பட்டா நகல் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்து வைத்துவிட்டேன். ஏ.டி.எம். அட்டையைப் பீரோவில் பூட்டிவிட்டேன். திங்கட்கிழமை காலை வாழப்பாடி பேருந்து நிலையத்தில் காத்திருக்கிறேன்.